60 வீட்டுத் தண்ணீருக்கு ஒரு கல்வாழைப் படுகை: அளவு, கட்டுமானம், கோளாறுகள்

கரிசல் நிலத்து ஊர் ஒன்றில், தெருவோரம் தேங்கிக் கிடந்த குளியல் தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தெளிய வைத்துத் தென்னைக்கு விடக் கட்டிய சிறு நிலையத்தின் பதிவு இது. 60 வீடு, 240 பேர், நாளொன்றுக்கு 10 ஆயிரம் லிட்டர். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. தண்ணீர் தன் போக்கில் இறங்கி வந்து முதலில் தொட்டியில் தெளிகிறது. பிறகு தடுப்பு அறைகளில் நொதித்து, ஜல்லிக்குள் கல்வாழை வேர்களின் இடையே இரண்டு நாள் ஊர்ந்து வெளியே போகிறது.

பார்க்க வருபவர்கள் எல்லாரும் பூத்து நிற்கும் கல்வாழையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். வேலை நடப்பது அதற்கு முன்னால், மண்ணுக்குள். ஜல்லிக்கு மண்ணும் மாவும் எண்ணெயும் வராமல் பார்த்துக்கொண்டால் படுகை பல வருடம் ஓடும். வரவிட்டால் ஒரே வருடத்தில் மேலே குட்டை கட்டும். அதனால் இந்தப் பதிவில் வீட்டு வாசல் தொட்டியையும் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

எந்த வீட்டைச் சேர்ப்பது

ஊரில் மொத்தம் 95 வீடு. 35 வீட்டுக்குக் கொல்லை உண்டு. அவற்றைக் குழாயில் சேர்க்கவே இல்லை. கொல்லை இருக்கிற வீட்டுத் தண்ணீரை அங்கேயே வாழைக்கும் சேம்புக்கும் விட்டுவிடுவதுதான் மலிவு, அதுதான் சரியும்கூட. உறிஞ்சுகுழி போடலாமா என்று கேட்டால், முதலில் மண்ணைக் கேளுங்கள். ஓரடிக்கு ஓரடி சதுரக் குழி வெட்டி, இரவு முழுக்க தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, காலையில் மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் பார்க்கவும். ஓர் அங்குலம்கூட இறங்காத மண்ணில் உறிஞ்சுகுழி நிற்காது. கரிசலில் கோடையில் வெடிப்பு வழியாகச் சரசரவென்று இறங்கும், ஐப்பசி மழைக்கு மண் உப்பி வாயை மூடிக்கொள்ளும். கோடையில் சோதித்துவிட்டு ஏமாந்த ஊர்கள் நிறைய.

கழிப்பறைத் தண்ணீர் இந்தக் குழாய்க்குள் வரக்கூடாது. கழிப்பறைகளுக்கு ஏற்கெனவே உள்ள இரட்டைக் குழியும் செப்டிக் டேங்க்கும் அப்படியே இருக்கட்டும். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லி எழுதி வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் கோளாறு இதிலிருந்துதான் வரும்.

பணக் கணக்கையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. தூய்மை பாரத இயக்கம் ஊரகம் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரையுள்ள ஊருக்குக் கழிவுநீருக்கென்று ஒதுக்கியது தலைக்கு 280 ரூபாய் வரை. 240 பேருக்கு 67,200 ரூபாய். அது ஜல்லிக்கும் குழாய்க்குமே போதாது. நிதிக்குழு மானியமும் ஊரக வேலைத் திட்டத்தின் மண்வேலையும் சேர்ந்தால்தான் நடக்கும். குழி வெட்டுவதும் கரை கட்டுவதும் அந்தத் திட்டத்தில் வரும்படி மதிப்பீட்டைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீரை அளந்தது

ஜல் ஜீவன் கணக்கில் ஆளுக்கு 55 லிட்டர். 240 பேருக்கு 13,200 லிட்டர் உள்ளே வருகிறது. அதில் முக்கால் பங்கு வெளியே வரும் என்று காகிதத்தில் போட்டுவிடலாம். ஆனால் அளந்து பார்க்காமல் கட்டாதீர்கள். தெருக் கால்வாய் முடியும் இடத்தில் 20 லிட்டர் பெயின்ட் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி என்று போனில் பார்த்து, காலை 5 மணி முதல் இரவு 10 வரை அரை மணிக்கு ஒருமுறை எழுதினோம். ஒரு சாதாரண நாள், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு என மூன்று நாள். வெள்ளியன்று வீடு கழுவி விடுவதால் தண்ணீர் கூடும். ஞாயிறு அளவு கூடாது, எண்ணெய் கூடும்.

ஆளுக்கு 40 லிட்டர் என்று வந்தது, நாளைக்கு 9,600. பத்தாயிரம் என்று எடுத்துக்கொண்டோம். மொத்தத்தைவிட முக்கியம், காலை 6 முதல் 9 வரைக்குள் மட்டும் 4,000 லிட்டர் வந்துவிடுகிறது. அதாவது மணிக்கு 1,330 லிட்டர். தொட்டியின் அகலத்தை முடிவு செய்வது இந்த எண்தான். பத்தாயிரத்தை 24-ஆல் வகுத்து 417 என்று போட்டுக் கட்டினால், தினமும் காலையில் அடிச்சகதி கிளம்பி ஜல்லிக்கு ஓடும்.

வடிகஞ்சி

ஒரு வீட்டில் நான்கு பேர், 160 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 250 மில்லிகிராம் பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) என்றால், வீட்டின் ஒரு நாள் அழுக்குச் சுமை 40 கிராம். இப்போது சோறு வடித்த கஞ்சியைப் பாருங்கள். ஒரு லிட்டர் கெட்டிக் கஞ்சியில் 20 கிராம் மாவுச்சத்து இருந்தால், அது மட்டும் ஏறக்குறைய 15 கிராம் பிஓடி. ஒரே ஒரு லிட்டர், வீட்டின் மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

மாடு இருக்கிற வீட்டில் கஞ்சியும் அரிசி கழுவிய தண்ணீரும் கழுநீர்த் தொட்டிக்குப் போய்விடும். மாட்டை விற்ற வீட்டில் அதே தண்ணீர் அங்கணத்தில் ஊற்றப்படுகிறது. ஊரில் மாடு குறையக் குறைய சாக்கடைச் சுமை ஏறுகிறது என்பதை எந்த வடிவமைப்புக் கையேடும் சொல்லாது. வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது எத்தனை பேர் என்பதோடு, மாடு உண்டா, சோறு குக்கரிலா வடித்தா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாடில்லாத வீட்டுக் கஞ்சியைப் பக்கத்து வீட்டுக் கழுநீர்த் தொட்டியில் சேர்க்கச் சொன்னதுதான் இந்த நிலையத்தின் மிக மலிவான சுத்திகரிப்பு.

வாசல் தொட்டி

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. உள்ளளவு 45 செ.மீ. சதுரம், ஆழம் 60. வெளியேறும் குழாயின் அடி, தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில். எப்போதும் 81 லிட்டர் உள்ளே நிற்கும், அந்த வீட்டின் அரை நாள் தண்ணீர். உள்ளே வரும் குழாய் வெளியேறுவதைவிட 5 செ.மீ. மேலே. வெளியேறும் பக்கம் 110 மி.மீ. டீ (T வடிவக் குழாய் இணைப்பு) ஒன்று மாட்டி, அதன் கீழ்க்காலைத் தண்ணீருக்குள் 20 செ.மீ. இறக்க வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெயும் கீழே படியும் மண்ணும் நின்றுகொள்ள, நடுத்தண்ணீர் மட்டும் வெளியே போகும். டீயின் மேல்வாயைத் திறந்தே விடுங்கள், கம்பி விட்டுக் குத்த அதுதான் வழி. உள்ளே விழும் இடத்தில் 3 மி.மீ. துளையுள்ள எவர்சில்வர் கூடை. சோற்றுப் பருக்கை, முடி, சோப்பு உறை எல்லாம் அதில் தங்கும்.

சாம்பலும் மணலும் போட்டுப் பாத்திரம் தேய்க்கும் வீட்டில் மாதத்துக்கு ஒரு சட்டி மண் சேரும். வாசல் கழுவிய தண்ணீர் இதற்குள் வந்தால் ஒரு வாரத்தில் ரொம்பிவிடும். தொட்டியின் விளிம்பைத் தரைமட்டத்திலிருந்து 10 செ.மீ. தூக்கிக் கட்டியது அதற்காகத்தான்.

மூடியில் ஒரு பாடம் உண்டு. முதலில் 60 செ.மீ. சதுரத்தில், 5 செ.மீ. கனத்தில் ஒரே பலகையாக வார்த்தோம். எடை 43 கிலோ. இரண்டு பேர் இல்லாமல் தூக்க முடியாது, அதனால் யாரும் தூக்கவில்லை. இரண்டே மாதத்தில் கூடைகள் அழுகி, டீ அடைத்து, தண்ணீர் மறுபடி தெருவுக்கு வந்தது. பிறகு அதையே இரண்டு பாதியாக, ஒவ்வொன்றிலும் 10 மி.மீ. கம்பி வளையம் வைத்து வார்த்துக் கொடுத்தோம். கூடை இருக்கும் பாதியை மட்டும், இருபது கிலோ சொச்சம், கடப்பாரை நுனியை வளையத்தில் கொடுத்து ஒருவரே நகர்த்திவிடலாம். அதன் பிறகு வாரம் ஒருமுறை கூடை தட்டுவது பெரும்பாலான வீடுகளில் பழக்கமாகிவிட்டது.

குழாய்

வீட்டிலிருந்து தெருக் குழாய் வரை 110 மி.மீ., 60-க்கு 1 சரிவு. தெருவில் 160 மி.மீ., 125-க்கு 1, அதாவது பத்து மீட்டருக்கு 8 செ.மீ. இறக்கம். 200 மீட்டர் நீளத்துக்கு 1.6 மீட்டர் இறங்க வேண்டும். நிலமே 1.4 மீட்டர் சரிந்திருந்ததால், 45 செ.மீ. ஆழத்தில் தொடங்கிய குழாய் கடைசியில் 65 செ.மீ. ஆழத்தில் வந்து நின்றது. நிலம் சமமாக இருந்திருந்தால் இரண்டு மீட்டருக்கு மேல் போயிருக்கும், மோட்டார் வைக்காமல் முடியாது. இடம் தேடும்போது புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், டியூப் லெவல் வைத்து இறக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கரிசல் உப்பிச் சுருங்கும் மண். பசை போட்டு ஒட்டிய இணைப்பு இதில் விரிந்து உடைகிறது. ரப்பர் வளைய இணைப்பே நல்லது. குழாயை முழுக்க இடித்துத் தள்ளாமல் ஒரு செ.மீ. இடைவெளி விடுங்கள். கீழே 10 செ.மீ., மேலே 15 செ.மீ. எம்-சாண்ட், அதற்கு மேல்தான் கரிசல். வண்டி போகும் இடத்தில் 60 செ.மீ. மூடாக்கு கிடைக்காவிட்டால் குழாயைச் சுற்றி 10 செ.மீ. கான்கிரீட். 20 மீட்டருக்கு ஒரு சேம்பர், வளைவு தோறும் ஒரு சேம்பர். சேம்பர் அடியில் குழாயின் அளவுக்கே அரைவட்டக் கால்வாயாகச் சிமென்ட் இழைத்துவிட வேண்டும், பள்ளம் விட்டால் அங்கே கொசு வரும்.

தெளியும் தொட்டியும் தடுப்பு அறைகளும்

ஒரே நீளத் தொட்டி, உள் அகலம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 1.5 மீட்டர். தொட்டிக்குள் விழும் இடத்தில் 10 மி.மீ. இடைவெளியில் கம்பி வலை. முதல் 3 மீட்டர் நீளம் தெளிவதற்கு: 2 மீட்டரில் ஓர் அறை, 1 மீட்டரில் இன்னொன்று, மொத்தம் 9 கன மீட்டர். அடுத்து 75 செ.மீ. நீளத்தில் நான்கு தடுப்பு அறைகள், இன்னொரு 9 கன மீட்டர். தடுப்பு அறையில் தண்ணீர் அடியில் நுழைந்து மேல் நோக்கி ஏறுகிறது. அறையின் பரப்பு 1.5 சதுர மீட்டர், காலை நேர வரத்து மணிக்கு 1.33 கன மீட்டர், ஆக ஏறும் வேகம் மணிக்கு 0.9 மீட்டர். இது ஒரு மீட்டருக்குள் இருந்தால் சகதி அடியிலேயே படுத்திருக்கும், வரும் தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டு போகும், நுண்ணுயிர்கள் தின்னும். வேகம் கூடினால் சகதியே எழுந்து போகும்.

அறைக்கு அறை தண்ணீர் இறங்க, தொங்கு சுவர் கட்டுவதற்குப் பதிலாக 110 மி.மீ. குழாய் மூன்று, மேலே டீ, கீழே தரைக்கு 15 செ.மீ. மேலே முடியும்படி. மூன்றின் வாயும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 5 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே தாழ்வான குழாய் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொள்ளும், மற்ற இரண்டின் கீழே அறை சும்மா கிடக்கும். ரசமட்டத்தை நம்பாமல், தண்ணீர் நிரப்பி மூன்று வாயிலும் ஒரே நேரம் வழிகிறதா என்று பார்த்த பிறகு கலவை பூசினோம். ஒவ்வோர் அறையின் வழிமட்டமும் முந்தையதைவிட 2 செ.மீ. தாழ்வு. அறைச் சுவர்களின் தலையில் 15 செ.மீ. இடைவெளி விட்டு வாயு ஒன்றாகக் கூட வழி செய்து, 110 மி.மீ. காற்றுக்குழாய் ஒன்றை 4 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, வாயில் கொசுவலை கட்டியாயிற்று.

தரை 15 செ.மீ. கம்பிக் கான்கிரீட், வெளிச்சுவர் 15 செ.மீ. கம்பிக் கான்கிரீட். கரிசலில் வெறும் செங்கல் சுவர் வேண்டாம், மண் உப்பும்போது கீறல் விழும். உள் தடுப்புகள் மட்டும் நாலரை அங்குலச் செங்கல், இரு பக்கமும் பூச்சு. தண்ணீர்ச் சோதனையின்போது எல்லா அறைகளையும் ஒரே சமயத்தில், ஒரே உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு போங்கள். ஓர் அறையை மட்டும் ஒன்றரை மீட்டர் நிரப்பினால் நாலரை அங்குலச் சுவர் அப்படியே மறுபக்கம் சாயும். முதல் நாள் சுவர் குடிக்கும், அதைக் கணக்கில் எடுக்காமல் மறுநாள் அடையாளம் வைத்து, மூடிவைத்த தொட்டியில் 24 மணி நேரத்தில் ஒரு செ.மீ.க்கு மேல் குறைந்தால் கசிவு.

இந்தத் தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆள் இறங்கக் கூடாது. சாணி நாற்றம் இல்லை, வெறும் குளித்த தண்ணீர்தானே என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. செப்டிக் டேங்கில் ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் இங்கேயும் உண்டு. அதிகமாகச் சேர்ந்த ஹைட்ரஜன் சல்பைடு மூக்கை மரத்துப்போக வைத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றும் நேரம்தான் மோசமான நேரம். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எல்லா வேலையும் மேலிருந்தே செய்யும்படி ஒவ்வோர் அறைக்கும் 60 செ.மீ. மூடி வைத்ததும், மேலிருந்து குத்தக்கூடிய டீ வைத்ததும் இதை நினைத்துத்தான்.

ஜல்லிப் படுகை

தொட்டியைத் தாண்டும்போது 250 மி.கி. பிஓடி 90 அளவுக்கு இறங்கியிருக்கும். படுகையிலிருந்து 20 வேண்டும். பரப்புக்கான கணக்கு: நாள் தண்ணீரை (10 கன மீட்டர்), 90-ஐ 20-ஆல் வகுத்து வரும் எண்ணின் இயல் மடக்கையால் பெருக்கி, 0.15-ஆல் வகுக்க வேண்டும். 10 × 1.504 ÷ 0.15 = 100 சதுர மீட்டர். 0.15 என்பது அழுக்கு சிதையும் வேகத்துக்குக் குளிர்ந்த பக்கத்தில் எடுக்கும் அடக்கமான எண், நம் வெயிலில் இதைவிட வேகமாகவே சிதையும். எனவே 8 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம், 96 சதுர மீட்டர் தாராளம்.

அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்ட ஆசை வரும், இடம் அப்படித்தான் கிடைக்கும். வேண்டாம். தண்ணீர் நுழையும் முகப்பில் அழுக்கெல்லாம் சேர்கிறது. அந்த முகப்பின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 250 கிராம் பிஓடிக்கு மேல் தாங்காது. 8 மீட்டர் அகலம், அரை மீட்டர் தண்ணீர், 4 சதுர மீட்டர் முகப்பு. 900 கிராமை நான்கால் வகுத்தால் 225. அகலத்தை 6 ஆக்கியிருந்தால் 300 ஆகி, முகப்பு அடைத்திருக்கும்.

குழி வெட்டிய பின் கரிசலை மேலும் 30 செ.மீ. எடுத்துவிட்டு, செம்மண் கிராவல் போட்டு நனைத்து இடித்தோம். தரை, வெளியேறும் பக்கம் நோக்கி 12 செ.மீ. சரிவு. மேலே 5 செ.மீ. சலித்த மணல், அதன்மேல் பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் ஷீட், அதற்கும் மேல் பழைய சாக்கு. கரையில் ஓரடி வாய்க்கால் வெட்டி ஷீட் நுனியைப் புதைக்க வேண்டும். குழாய் ஷீட்டைத் துளைத்து வெளியேறும் இடம் ஒன்றே ஒன்று இருக்கட்டும், அங்கே இரு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து எவர்சில்வர் போல்ட் போட்ட வளையத்தால் இறுக்குங்கள். கசியும் படுகைகளில் பெரும்பாலும் கசிவது இந்த இடம்தான். ஜல்லி லாரியை நேரே குழிக்குள் கவிழ்க்க விடாதீர்கள், ஒரு கூர்க்கல் போதும். பலகை போட்டுச் சட்டியில் கொண்டுபோய்க் கொட்டினோம்.

ஜல்லி கனம் 60 செ.மீ. 58 கன மீட்டர், அதாவது 20 யூனிட் சொச்சம், வீணாவதற்கும் சேர்த்து 22 யூனிட். முதல் ஒரு மீட்டரும் கடைசி ஒரு மீட்டரும் 40 முதல் 80 மி.மீ. கல், நடுவில் 10 முதல் 20 மி.மீ. ஜல்லி. எல்லாம் கருங்கல்.

கழுவாத ஜல்லியைப் போடாதீர்கள். 58 கன மீட்டர் என்பது சுமார் 87 டன். அதில் 3 சதவீதம் கிரஷர் தூசி என்றாலும் இரண்டரை டன் மாவு. அது முழுக்க அடியில் இறங்கி வெளியேறும் குழாயின் துளைகளை அடைக்கும். சாய்த்து வைத்த இரும்பு வலையில் கொட்டி, குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவினோம். ஒரு வாளி ஜல்லியில் தண்ணீர் ஊற்றி, வடித்துக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, பின்னால் பிடித்த செய்தித்தாள் எழுத்து தெரிந்தால்தான் அந்தச் சுமை குழிக்குள் போகும். நான்கு நாள் வேலை கூடியது.

நுழைவில் 8 மீட்டர் அகலத்துக்கும் 110 மி.மீ. குழாய், அரை மீட்டருக்கு ஒரு முக்கோண வெட்டு மேல்நோக்கி. குழாய் மட்டமாக இருந்தால் 16 வெட்டிலும் சமமாக வழியும். இரு முனையிலும் கழற்றும் மூடி. வெளியேறும் பக்கம் அடியில் துளைக்குழாய், அது வெளித்தொட்டிக்குள் வந்து, திரும்பும் எல்போவில் நிற்கும் ஒரு செங்குத்துக் குழாயில் முடியும். குழாயைச் சாய்த்தால் படுகையின் நீர்மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். எல்போவை ஒட்டக் கூடாது, ரப்பர் வளையம் மட்டும். மாதம் ஒருமுறை அசைக்காவிட்டால் இறுகிவிடும். அதன்பின் பலத்தைக் காட்டினால் ஷீட் துளை இருக்கும் இடம்தான் பிய்யும்.

நீர்மட்டம் எப்போதும் ஜல்லி மேற்பரப்புக்கு 10 செ.மீ. கீழே. மேலே காலை வைத்தால் நனையக் கூடாது. திறந்த தண்ணீர் இல்லையென்றால் கொசு இல்லை, அவ்வளவுதான்.

செடி

கல்வாழைக் கிழங்கு, முளைக்கண்ணோடு 15 செ.மீ. துண்டு, சதுர மீட்டருக்கு நான்கு. கரடுகல் பகுதி தவிர்த்து 80 சதுர மீட்டருக்கு 320 துண்டு. சம்பு நன்றாகத்தான் வளரும், ஆனால் பஞ்சு பறந்து பக்கத்து வாய்க்காலெல்லாம் பரவும். நாணலின் கூர்முளை ஷீட்டைத் துளைக்கும். சித்திரையில் நட வேண்டாம், காய்ந்த ஜல்லி தொட்ட இடத்தில் குருத்து வெந்துபோகிறது. ஆவணியில் நட்டால் பொங்கலுக்குள் மூடிவிடும். நட்ட முதல் மூன்று வாரம் நீர்மட்டத்தை மேற்பரப்புக்கு 3 செ.மீ. கீழே வைத்து, வேர் தேடிப் போகப் போக இறக்க வேண்டும்.

வேலி கட்டாயம். ஆடு கல்வாழையைத் தின்னும் என்பது ஒரு காரணம். ஆட்டுப் புழுக்கையில் சீமைக் கருவேல விதை வரும் என்பது பெரிய காரணம். ஜல்லியில் அது முளைத்து ஒரு முழம் ஆவதற்குள் வேர் ஷீட்டைத் தொட்டிருக்கும். கண்ணில் பட்டதும் பிடுங்கிவிட வேண்டும்.

தொட்டியை ஓட வைக்க, நன்றாக ஓடும் ஒரு செப்டிக் டேங்கின் அடிச்சகதி ஆயிரம் லிட்டரைத் தடுப்பு அறைகளில் பிரித்து ஊற்றினோம். கிடைக்காத இடத்தில் சாணிக் கரைசலை வடிகட்டி ஊற்றலாம், கொஞ்சம் தாமதமாகும். எப்படியும் முதல் மூன்று மாதம் நாற்றமும் கலங்கலும் இருக்கும் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் நல்லெண்ணத்தில் யாராவது சேம்பருக்குள் பிளீச்சிங் பவுடர் கொட்டுவார்கள். ஒரு பை கொட்டினால் மூன்று மாத வளர்ப்பு ஒரே நாளில் போய்விடும்.

வந்த கோளாறுகள்

முதல் ஐப்பசி மழையில் தொட்டிச் சகதி படுகைக்கு ஓடியது. காரணம், சில வீடுகள் மாடித் தண்ணீர்க் குழாயை வாசல் தொட்டியில் இறக்கியிருந்தன. 50 சதுர மீட்டர் மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர். பத்து மாடி சேர்ந்தால் 25 ஆயிரம், நிலையத்தின் இரண்டரை நாள் தண்ணீர் இரண்டு மணி நேரத்தில். மாடிக் குழாய்களைப் பிரித்துத் தெருவுக்கு விட்டதோடு, தொட்டிக்கு முந்தைய சேம்பரில் ஒரு வழிசுவர் கட்டி, வழக்கமான மட்டத்துக்கு மேல் 8 செ.மீ. ஏறினால் தானாகவே மழைவாய்க்காலுக்குப் போகும்படி செய்தோம்.

அடுத்தது, தடுப்பு அறைத் தண்ணீர் திடீரென்று கருத்து, கடும் நாற்றம். யாரோ செப்டிக் டேங்க் வழிவைத் தெருக் குழாயில் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகம். வீடு வீடாகச் சண்டை போடத் தேவையில்லை. சந்தேகப்படும் தெருவில் ஒவ்வொரு கழிப்பறையிலும் ஒரு நாளைக்கு ஒன்றாக, துணிக்குப் போடும் சொட்டு நீலம் அரை பாட்டில் ஊற்றி, மூன்று வாளி தண்ணீர் விட்டு, அடுத்த சேம்பரைத் திறந்து வைத்துப் பார்த்தால் போதும். குழாய் நேரே சேர்ந்திருந்தால் சில நிமிடத்தில் நீலம் வரும், டேங்க் வழியாக வந்தால் வெளிறி மறுநாள்வரை வரும். இரண்டு இணைப்பு அகப்பட்டது.

மூன்றாவது, நுழைவு முகப்பில் கையகலக் குட்டைகள். மேல்கல்லைப் புரட்டினால் சாம்பல் நிறக் கொழகொழப்பு, விரலில் தேய்த்தால் கஞ்சி போல் இழுக்கும். மாவும் சோப்பும் சேர்ந்த படலம். முதல் மருந்து, நீர்மட்டத்தை 30 செ.மீ. இறக்கி, வரும் தண்ணீரை ஒரு வாரம் மாற்றுவழியில் விட்டுக் காயப் போடுவது. காற்றுப் பட்டால் படலம் தானே சுருங்கிவிடும். அது போதாமல் போனால் அந்த ஒரு மீட்டர் கரடுகல்லை மட்டும் எடுத்துக் கழுவித் திரும்பப் போட வேண்டும். 8 மீட்டருக்கு 1 மீட்டர், ஐந்து கன மீட்டர்தான், நான்கு பேருக்கு இரண்டு நாள் வேலை. கரடுகல்லையும் ஜல்லியையும் பிரித்துப் போட்டதன் பலன் அப்போது தெரியும்.

வெளியே வருவது

தெளிந்த தண்ணீர், லேசான மண்வாசம். மாதம் ஒருமுறை பிஓடி சோதனை. நிலத்துக்கு விட 100 மி.கி. வரையும், ஓடை குளத்தில் விட 30 வரையும் அனுமதி. அன்றாடம் பார்க்க ஓர் அடி உயரக் கண்ணாடிக் குழாயின் அடியில் கரிக்கோட்டில் பெருக்கல் குறி போட்டு, நிரப்பி மேலிருந்து பார்த்தால் போதும். குறி மறைந்தால் அன்றைக்குத் தொட்டி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.

தென்னை, வாழை, கம்பு நேப்பியர் தீவனப் புல்லுக்கு விடலாம். வெங்காயம், கீரை, பச்சையாகத் தின்னும் எதற்கும் வேண்டாம். கிருமி குறைகிறதே தவிரப் போய்விடுவதில்லை. கோடையில் படுகையே நாளைக்கு ஆயிரம் லிட்டர் அளவு குடித்துவிடும், 9,000 என்று கணக்கு வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக உள்ள ஊரில் சோப்பின் சோடியமும் சேர்ந்து கரிசலை இறுக்கும். வருடம் ஒருமுறை தென்னையடி மண்ணை வேளாண் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூய்மைக் காவலருக்கு நாளைக்கு அரை மணி நேர வேலை: கம்பி வலையை வாருவது, 16 வெட்டிலும் வழிகிறதா என்று பார்ப்பது, வேலி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படுகையில் பாதியை மட்டும் அரிந்துவிட்டு, அடுத்த முறை மறுபாதி. அரிந்த தழையைப் படுகையிலேயே விடக் கூடாது, மட்கி ஜல்லியை அடைக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீண்ட கம்பில் வெள்ளைத் துண்டைச் சுற்றி, முதல் அறையில் தரைவரை மெல்ல இறக்கி, ஐந்து நிமிடம் வைத்து எடுக்கவும். சகதி ஏறிய உயரம் துணியில் கறுப்பாக நிற்கும். 50 செ.மீ.யைத் தொட்டால் உறிஞ்சு லாரிக்குச் சொல்ல வேண்டும். தடுப்பு அறைகளில் எடுக்கும்போது அடியில் ஒரு சாண் சகதியை விட்டுவைக்கச் சொல்லுங்கள். அதையும் உறிஞ்சிவிட்டால் மறுபடி மூன்று மாதம் நாற்றம். லாரி நிற்கும்போது பக்கத்தில் நின்று, குழாய் நுனியில் அளவு கட்டிக் கொடுக்க வேண்டும். அது எந்தக் கழிவு நிலையத்துக்குப் போகிறது என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதிய பிறகே பணம் கொடுக்கவும், இல்லாவிட்டால் கண்மாய் ஓரத்தில் திறந்துவிட்டுப் போய்விடும்.